மென்று கொடுத்த ரொட்டி

வாய்க்கரிசித் தட்டோடு நின்ற சோலைமலை மாமா இரண்டாவது தடவையாக உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஒங்கம்மாவ வரச் சொல்லு தனுஜா. மழை வர்றதுக்குள்ள தூக்கணும்."

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் தனுஜாவின் தம்பி லோஜன் பெட்டியில் கிடந்தான். இருபத்தாறு வயது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்தது நிணநீர்ப் புற்றுநோயாகி, ஏழே மாதத்தில் ஆளை முடித்துவிட்டது. தோட்டமே வரிசையில் வந்து அரிசி போட்டாயிற்று. பெற்றவள் மட்டும் அடுப்படியை விட்டு எழவில்லை.

தனுஜாவுக்குக் காரணம் தெரியும். எல்லாம் தன் வாயால் வந்த வினை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பத்து நிமிடம் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். அம்மாவுக்குச் சிங்களம் ஓடாது. ஹட்டன் டவுன் துணிக்கடையில் வேலைக்கு நிற்கும் தனுஜாவுக்குத் துணி விற்கிற அளவுக்கு நன்றாகவே வரும். ஆனால் அன்று கேட்டதையெல்லாம் தமிழில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "என்னவாம்டி?" என்று அம்மா இடித்துக் கேட்க, "எச்சில்ல வர்ற கிருமியாம்மா. சின்ன வயசுலயே வந்திருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டோடு ஓடினாள்.

அன்றிலிருந்து அம்மா லோஜனுக்குக் கையால் சோறு ஊட்டவில்லை. "ஒங் கையால ஒரு வாய் குடும்மா" என்று அவன் கேட்டபோதும் கரண்டியைத்தான் எடுத்தாள்.

இப்போது தனுஜா அடுப்படிக்குப் போய் அம்மா பக்கத்தில் குந்தினாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி பேசினாள்.

"பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போவேன். மத்தியானம் ஓடியாந்து பாத்தா பசியில கத்துவான். காலையில சுட்ட ரொட்டி, கல்லு மாதிரி இருக்கும். பல்லு மொளைக்காத புள்ள. மென்னு மென்னு வாயில வச்சேன். இப்ப அதே வாயில அரிசியும் நானே போடவா?"

"அது எல்லாருக்குள்ளயும் இருக்குற கிருமிதாம்மா. நான் பாதிதான் சொன்னேன்."

"மிச்சத்த சொல்லு."

"ஒடம்புக்குள்ள காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. கெட்டதக் கண்டா கொன்னுருவாங்க. இவனுக்கு வந்தது அடையாளத்த மறைச்சிருச்சு. முத்தின எலைய கூடைக்கு அடியில போட்டு, மேல நல்ல கொழுந்த பரப்புவாங்களே, அந்த மாதிரி."

"நிறுக்கறப்ப கணக்கப்பிள்ளை கைய விட்டுக் கிளறிப் பாப்பாரே."

"கிளற வந்தாலும், நான் நம்ம ஆளுதான், நீ போன்னு சொல்லிருமாம். காவலும் நம்பிப் போயிருமாம்."

வெளியே தப்பு மேளம் நின்று, மறுபடி தொடங்கியது.

"எல்லாருக்கும் இருக்குன்னா, என் புள்ளைக்கு மட்டும் ஏன்?"

இதைத் தனுஜாவும் கேட்டிருந்தாள். டொக்டரிடமே சரியான பதில் இல்லை. தெரியாது என்று சொன்னால் அம்மா எழமாட்டாள். அதனால் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே சமாதானத்தைச் சொன்னாள்.

"எனக்கும் அப்படி மென்னுதான குடுத்த? நான் நல்லாத்தான இருக்கேன்?"

அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள். தனுஜாவுக்கு அப்பாடா என்று இருந்தது.

பெட்டியருகே போனதும் அம்மா முந்தானையால் தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூச்சு அவன்மேல் பட்டுவிடாமல் எட்டி நின்று மூன்று தடவை அரிசி போட்டாள். முத்தம் கொடுக்கச் சொன்னவர்களிடம் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

தூக்கினார்கள். பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிட்டார்கள். தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

எல்லாரும் குளிக்கப் போன பிறகு அம்மா தனுஜாவை வெளிச்சத்தில் நிறுத்தினாள். தாடைக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்தி நெறியைத் தேடினாள். இடது பக்கம் முடிந்து வலது பக்கம் போனாள். தனுஜா கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.