நானூறு கிராம்

"எழுபது கிலோன்னு அந்த ஆளு சொன்னா உடனே நம்பிடுவீங்களா? உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"கேட்டேன், சொன்னாரு. வந்தவரைத் தூக்கியா பார்க்க முடியும்?"

"தொண்ணூறுக்கு ஒரு கிராம் குறையாது அந்த உடம்பு. இப்பப் பாருங்க, சக்கரம் எட்டு மாதிரி நெளிஞ்சு வந்திருக்கு. மறுபடி ஓசியிலதான் கட்டிக் குடுக்கணும்!"

நானும் என் மகளும் சைக்கிள் கடைக்குள் நுழைந்தபோது சக்கரக்காரரும் அவர் மனைவியும் இப்படித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா குரலைத் தணித்து, வாசல் பக்கம் கையைக் காட்டினார். புத்தம்புது எடை மிஷின் ஒன்று அங்கே இருந்தது. "இனிமே வாயால சொல்ற எடை செல்லாது. ஏறி நின்னாத்தான் சக்கரம்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் வந்ததும் சக்கரத்துக்காகத்தான். மகளுக்குப் பதினேழு வயது, சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறாள். போன வருடம் மேட்டுப் பாதையில் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரு சைக்கிள் நீளம்தான் வித்தியாசம். அன்றிலிருந்து எனக்கு லேசான சக்கரப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கார்பன் சக்கரம் என் சம்பளத்துக்கு எட்டாது. கட்டுப்படியாகிற விலையில் லேசான அலுமினியச் சக்கரம் தேடி நான்கு மாதம் அலைந்தேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி டயர், பெடல், சீட்டு என்று கழற்றிக் கழற்றி நிறுத்தேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு வேறு பேச்சே கிடையாது. கடைசியில் இந்தக் கடைக்காரர் கையால் கோத்துக் கட்டித் தரும் சக்கரம்தான் தோதாக வந்தது. பழையதைவிட நானூறு கிராம் குறைவு. ஓட்டுபவரின் எடையைப் பார்த்துத்தான் சக்கரத்துக்கு எத்தனை கம்பி என்று அவர் முடிவு செய்வார். எடை குறைந்தால் கம்பி குறையும், கம்பி குறைந்தால் சக்கரம் லேசாகும்.

"பாப்பா எவ்வளவு இருக்கும்?" என்று சக்கரக்காரர் கேட்டார்.

"அம்பத்தி ரெண்டு," என்றேன் நான். போன வருடப் பந்தயச் சீட்டில் நானே எழுதிக் கொடுத்த எண் அது.

மகள் குனிந்தாள். ஷூவைக் கழற்றினாள். பையை என்னிடம் கொடுத்தாள். அந்த வெயிலிலும் போட்டிருந்த தொளதொள ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, பையின் மேல் வைத்தாள். மிஷினில் ஏறினாள்.

நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

"மிஷின் மக்கர் பண்ணுது போல," என்றேன். அவளை இறக்கிவிட்டு நான் ஏறினேன். எழுபத்தெட்டு. என் எடை அதேதான். இறங்கி, மறுபடி அவளை ஏற்றினேன். அதே எண். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண். அவள் மணிக்கட்டில் வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்குகிற அளவுக்குத் தளர்ந்து கிடந்தது. "இவ ஏன் இப்படி வத்திப்போறா?" என்று அவள் அம்மா இரண்டு மாதம் முன்பு கேட்டாள். "சைக்கிள் ஓட்டுறவ அப்படித்தான்டி இருப்பா," என்று நான் வாயை அடைத்தேன்.

"என்னம்மா இது?"

"என்னப்பா? நீ நானூறு கிராமுக்கு நாலு மாசம் அலைஞ்ச. நான் பத்து கிலோ குறைச்சிருக்கேன், செலவே இல்லாம." அவள் முகத்தில் வருத்தம் இல்லை. மார்க் ஷீட்டை நீட்டும்போது இருக்குமே, அந்த முகம். "இருபது கம்பி போதும்ல அண்ணா?" என்று சக்கரக்காரரிடம் கேட்டாள்.

"இந்த எடைக்கு... தாராளமா போதும்," என்று அவர் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே ஆர்டர் சீட்டை எடுத்தார். அவர் மனைவி அந்தப் பேனாவை வெடுக்கென்று பிடுங்கினார். "இன்னிக்கு இங்க சக்கரம் கட்டலை," என்றார். என்னைப் பார்த்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே," என்றார். மகள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பத்து கிலோ. ஒரு சைக்கிளே எட்டரைதான்.

வீட்டுக்கு வந்ததும் என் தராசைத் தேடினேன். சாமான் அறையில் இல்லை. அவள் அறையில், மேசைக்கு அடியில் இருந்தது. அதன் மேல் ஓரம் வெட்டிய ஒரு ரொட்டித் துண்டு. துண்டைத் தூக்கி, பொத்தானை அமுக்கி, மறுபடி வைத்தேன். இருபத்திரண்டு கிராம் என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் எண் தானாக அணைந்துவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இது நேற்று நடந்தது. அவள் அம்மா டாக்டரிடம் நாளைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். மகளோ, பந்தயத்துக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது, சக்கரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இன்னும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன எண் வெளியே வருமோ என்று பயமாக இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தால், முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள்? தயவுசெய்து கீழே எழுதுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதினால் நல்லது.