வடக்குச் சுவரின் ஆணிகள்

அலமாரியை நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது. நல்ல தேக்கு. அதற்குள் இருந்த துணிகளைக்கூட புவாலாயின் அப்பா கம்சேன் கடைசிவரை யாரையும் தொட விட்டதில்லை. இப்போது அவர் கூடத்தில் சவப்பெட்டிக்குள் இருந்தார். பிக்குகள் மூன்று நாள் ஓதி முடித்தாயிற்று. வெயில் தாழ்வதற்குள் எரிமேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"வேற சுவரைப் பாருங்க சித்தப்பா," என்றாள் புவாலாய் மறுபடியும். "வடக்குச் சுவரைத் திறக்கக் கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

"மத்ததெல்லாம் சட்டத்துல கோத்தது. பிரிச்சா வீடே ஆடும்," என்றார் சித்தப்பா துவாங்தா, கையில் கடப்பாரையோடு. "இது ஏற்கெனவே ஒருதரம் கழட்டினது. எங்க அப்பனையும் இந்த வழியாத்தான் இறக்கினோம்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகாமல், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே நாற்பதைத் தாண்டிய பெண்ணின் பேச்சுக்கு அந்த ஊரில் அவ்வளவுதான் மரியாதை. இறந்தவர் வீட்டுப் படிவழியே இறங்கினால் வழி தெரிந்து திரும்பிவிடுவார். அதனால் உயரமான தூண்கள்மேல் நிற்கும் வீட்டின் சுவரைத் திறந்து, மூங்கில் ஏணி சாத்தி இறக்கிவிட்டு, கையோடு அடைத்துவிட வேண்டும். வட தாய்லாந்தில், லம்பூன் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் இதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

அண்ணன் பிரசோட் பாங்காக்கில் நாற்பத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பார்த்துக்கொள்பவன். "எங்க கட்டடத்துல யாராவது செத்தா சாமான் ஏத்துற லிஃப்ட்ல இறக்கிடுவோம். ஒரு பேயும் திரும்பி வந்ததில்ல. வந்தாலும் கார்டு இல்லாம மேல ஏற முடியாது," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அலமாரி நகர்ந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

சுவர் முழுக்க ஆணிகள். ஒரு பலகைக்கு நான்கு போதும். இங்கே கை வைக்க இடமில்லாமல் நெருக்கமாக அடித்திருந்தது. துருவேறிக் கறுத்தவை, தலை நசுங்கியவை, அவற்றுக்கு நடுவே கடையில் வாங்கிய பளபளப்பு மாறாத புது ஆணிகள். அலமாரிக்கு முதுகுப் பலகையே இல்லை. துணிகளை ஒதுக்கிவிட்டு, அதற்குள் நுழைந்து நின்றுதான் அப்பா அடித்திருக்கிறார். மதியத் தூக்கத்தில் பல நாள் காதில் விழுந்த டொக் டொக் சத்தத்தைப் பக்கத்து வீட்டில் கட்டில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் புவாலாய்.

"பன்னெண்டு வயசுல உங்கப்பன்தான் இந்தப் பலகையை அடைச்சான்," என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல். "எங்க அப்பன் என்னைத் தொட்டதில்ல. அவனைத்தான் போட்டு அடிப்பான். தினமும்."

"அப்புறம் ஏன் இதையே திறக்கறீங்க சித்தப்பா?"

"அவன் மறந்திருப்பான்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே கடப்பாரையைச் சொருகி நெம்பினார். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடத் தெரியாத மனிதர். ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டு வர, ஒரு பலகை உள்பக்கமாகக் கழன்றது. சித்திரை மாதத்தில் அப்படியொரு குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. சவப்பெட்டியின் தலைமாட்டு விளக்கு அணைந்தது. கூடவே காட்டமான புகையிலை வாடை. அந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை. அது தன் அப்பனின் வாடை என்று சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கடப்பாரை அவர் கையிலிருந்து நழுவியது.

"போதும்," என்றாள் புவாலாய். "அப்பாவைப் படிவழியா இறக்குங்க."

"பைத்தியமா உனக்கு? வழி தெரிஞ்சு திரும்பி வந்துடுவார்," என்றான் லிஃப்ட்காரன்.

"வரட்டும், அவர் வீடுதானே. சாகற வரைக்கும் பயந்து பயந்து அடைச்சு வச்ச ஆள்கிட்டயே அவரைக் கொண்டுபோய் விட என்னால முடியாது."

சித்தப்பாதான் முதலில் குனிந்து சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். ஒன்பது படிகளிலும் அப்பா மெதுவாக இறங்கிப் போனார்.

"நீங்க நடங்க. இதை அடைச்சிட்டுப் பின்னாலயே வர்றேன்," என்றாள் அவள். அந்தப் பலகையைத் தொட வேறு யாரும் முன்வரவில்லை.

வீடு காலியானது. பலகை அவள் நினைத்ததைவிடக் கனம். தூக்கி நிறுத்தினால் கீழ்முனை வழுக்கியது, கீழே மிதித்துக்கொண்டால் மேல்முனை உள்ளே சாய்ந்தது. மூன்று தடவை முயன்றும் முடியவில்லை. நான்காவது தடவை பலகை லேசானது. வெளியிலிருந்து யாரோ விளிம்பைப் பிடித்துச் சட்டத்தோடு இழுத்துப் பொருத்தினார்கள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சித்தப்பா," என்றாள் மூச்சு வாங்கியபடி. "கொஞ்சம் இடப்பக்கம்."

பலகை இடப்பக்கம் நகர்ந்து கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் ஆணியை எடுத்து வைத்தாள். அப்போதுதான் தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஊர்வலம் கோயில் திருப்பத்தை எட்டிவிட்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் வெள்ளைக் கொடியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா போய்க்கொண்டிருந்தார். மூங்கில் ஏணி முற்றத்தில் தரையிலேயே கிடந்தது. வடக்குச் சுவரின் வெளிப்புறம் ஆள் நிற்க இடமில்லாத அந்தரம்.

சுத்தியலை ஓங்கியவள் அப்படியே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக, "ஆணி அடிக்கப் போறேன். விரலைப் பாத்துக்கோங்க."

கடைசி ஆணி இறங்கும்வரை பலகை ஒரு நூல்கூட அசையவில்லை.