செப்டம்பர் மதிப்பெண்

மேலே ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றிருந்தார்கள். கிரேஹார்பரில் யாரும் அதற்காக வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. அப்படிச் செய்வது முறையல்ல. ஆனால் லோர்ன் ஹிரிட்சாக் அந்த வாரம் முழுக்க, காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே, முந்தைய நாள் மேலே என்ன ஆயிற்று என்றுதான் பார்த்தார். தோல்வி என்றால் அன்றைக்குக் காபி நன்றாக இறங்கியது. அது அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் பார்த்தார்.

மேலே என்றால் முதல் லீக். அங்கே ஆடும் ஒவ்வொரு பெரிய ஐஸ் ஹாக்கி அணியும் கீழ் லீக்கில் ஒரு சின்ன அணியை வைத்திருக்கிறது. பெரிய வீட்டுக்காரர்கள் கார் கொட்டகையில் ஸ்பேர் டயர் போட்டு வைப்பதைப் போல. கிரேஹார்பர் லூன்ஸ் அப்படி ஒரு டயர். மேலே ஒருவனுக்குக் கால் முறிந்தால் கீழே ஒருவனைப் பெட்டி கட்டச் சொல்வார்கள். பயிற்சியாளர்களுக்கும் அதே கதைதான். மேலே ஒருவர் தலை உருண்டால்தான் கீழே இருப்பவருக்கு நாற்காலி. இந்தத் தொழிலில் ஒருவரும் கெட்டவர் இல்லை, ஆனால் எல்லோரும் இன்னொருவர் வீட்டு இழவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

லூன்ஸின் பயிற்சியாளரான லோர்ன் பதினோரு வருடமாகக் காத்திருந்தார். நான்கு ஊர்கள், நான்கு வாடகை வீடுகள். அவர் மனைவி மூன்றாவது ஊரோடு நின்றுகொண்டாள். மூன்று முறை மேலே இடம் காலியானது. மூன்று முறையும் வேறு யாரோ போனார்கள். இப்போது வயது ஐம்பத்து நான்கு. இந்த முறையும் அழைப்பு வராவிட்டால் இனி வராது என்பது அவருக்கும் தெரியும், அவருடைய உதவிப் பயிற்சியாளன் பிரென்ட் மாக்சிக்கும் தெரியும்.

பொதுவாக உதவியாளன் என்பவன் தலைமைப் பயிற்சியாளர் எப்போது வழுக்கி விழுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பான். பிரென்ட் அப்படி இல்லை. லோர்ன் மேலே போனால் கிரேஹார்பர் நாற்காலி தனக்குத்தான் என்று அவனுக்கு ஏற்கெனவே காதில் போட்டிருந்தார்கள். அதனால் லோர்னின் ஏற்றத்துக்கு லோர்னைவிட அவன்தான் அதிகம் வேண்டிக்கொண்டான்.

சனிக்கிழமை ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. பதினோரு மணிக்கே கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: மேலேயிருந்து கர்ட்டிஸ் வாண்டர்மியர் வந்திருக்கிறார். பெரிய அணியின் பொது மேலாளர், ஆளை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில். பாப்கார்ன் பொரிக்கும் பெண்கூட லோர்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். கர்ட்டிஸ் கீழே வந்து கை குலுக்கவில்லை. கூரைக்கு அடியில் இருந்த கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார். ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது நீங்கள் யாரை இறக்குகிறீர்கள் என்று பார்க்க வந்திருக்கிறேன் என்று.

நெருக்கத்தில் லோர்ன் யாரை இறக்குவார் என்று அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எமில் தெரியோ. கேப்டன், தடுப்பாட்டக்காரன், முப்பத்தொரு வயது. எட்டு வருடமாக லோர்னோடு இருக்கிறான். லோர்ன் ஊர் மாறினால் அவனும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு வந்துவிடுவான். எதிரணி மட்டையால் அடிக்கிற கெட்டி ரப்பர் வட்டின் முன்னால் உடம்பை வீசிப் படுப்பதுதான் அவன் வேலை. மேலே ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அதைப் பற்றிப் பேசவும் மாட்டான்.

வியாழக்கிழமை ஆட்டத்தில் அவனை ஒருவன் பின்னாலிருந்து இடித்தான். தலை ஆடுகளத்தின் ஓரத்துக் கண்ணாடியில் மோதிய சத்தம் எதிர்ப்பக்கம் வரைக்கும் கேட்டது. எமில் எழுந்தான், மட்டையைத் தேடி எடுத்தான், மறுபடி ஆடினான். வெள்ளிக்கிழமை அவனைக் கணினி முன் உட்கார வைத்துச் சோதித்தாள் அணியின் சிகிச்சையாளர் ஜோஆன் பெல்கி. சொற்களைக் காட்டி மறைப்பார்கள், உருவங்களைக் காட்டி மறைப்பார்கள், எது நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். பருவம் தொடங்கும் முன், செப்டம்பரில், தலை நன்றாக இருக்கும்போது எல்லோரும் இதே சோதனையை எழுதி வைக்கிறார்கள். அடிபட்ட பிறகு செப்டம்பர் மதிப்பெண்ணை எட்டினால் ஆடலாம்.

சனிக்கிழமை காலை ஜோஆன் லோர்னின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“எமில் பாஸ் ஆயிட்டான். செப்டம்பர்ல அம்பத்தெட்டு, நேத்து அம்பத்தொம்பது.”

“நல்லதுதானே.”

“எனக்குப் பிடிக்கல. லீக்ல இருக்குற ஒவ்வொருத்தன் சட்டை நம்பரையும் ஒப்பிக்கிறவன் எமில். அவன் நல்லா இருக்கும்போது அம்பத்தெட்டுதான் எடுப்பானா?”

லோர்ன் மேசையில் இருந்த டோனட்டைத் துண்டாக்கினார், ஆனால் வாயில் போடவில்லை. ஜோஆன் அவரை விடவில்லை. செப்டம்பரில் வேண்டுமென்றே மோசமாக எழுதச் சொல்லி யாராவது பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று நேராகவே கேட்டாள். தனக்குத் தெரியாது என்றார் லோர்ன்.

கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன், முதல் ஊரில், முதல் பயிற்சி நாளன்று இருபத்தைந்து பையன்கள் முன்னால் நின்று, “செப்டம்பர்ல மக்கா இருங்கடா, ஜனவரில புத்திசாலியா தெரிவீங்க” என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். தலையில் லேசாக அடிபட்டவனெல்லாம் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்து தன் இடத்தை இழக்கிறானே என்ற அக்கறையில்தான் சொன்னார். அந்தக் காலத்தில் அது அவருக்கு அன்பாகவே பட்டது. பையன்கள் அதை அடுத்த பையன்களுக்குச் சொன்னார்கள். இப்போது லீக்கில் பாதிப் பேர் செப்டம்பரில் முட்டாளாக இருக்கிறார்கள்.

ஜோஆன் போன பிறகு லோர்ன் பையன்களின் அறைக்குப் போனார். ஆட்டத்துக்கு முன் நடைவழியில் வட்டமாக நின்று கால்பந்தைக் கீழே விழாமல் உதைத்துக்கொண்டிருப்பது அவர்கள் வழக்கம். எல்லோரும் உதைத்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் காதைக் கிழித்தது. எமில் மட்டும் அதில் இல்லை. உள்ளே பாதி விளக்கை அணைத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். லோர்ன் பக்கத்தில் உட்கார்ந்து தலை வலிக்கிறதா என்று கேட்டார்.

“தலையா? அதுல என்ன இருக்கு கோச், வலிக்கிறதுக்கு.”

லோர்ன் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் எழுந்து ஜோஆனிடம் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எமில் துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

“கர்ட்டிஸ் வந்திருக்காராமே. இன்னிக்கு நான் இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க. இந்தத் தடவை உங்கள மேல அனுப்பிட்டுத்தான் மறுவேலை.”

லோர்ன் எழுந்தார். அவன் தோளில் தட்டிவிட்டு, ஆட்டக்காரர் பட்டியலில் அவன் பெயரை முதல் வரியில் எழுதினார்.

முதல் இருபது நிமிடம் எமில் எப்போதும்போல ஆடினான். லோர்னின் நெஞ்சு கொஞ்சம் லேசானது. இரண்டாவது பகுதியின் நடுவில், ஸ்கோர் இரண்டுக்கு இரண்டு என்று இருக்கும்போது, இளைப்பாற வேண்டிய எமில் பனியைக் கடந்து வந்தான், பெஞ்ச் கதவைத் திறந்தான், உள்ளே ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அது எதிரணியின் பெஞ்ச்.

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எதிரணிப் பையன் ஒருவன் அவன் தலைக்கவசத்தைத் தட்டிக்கொடுத்து, இங்கேயே இருந்துவிடு என்று சொல்வது தெரிந்தது. எமிலும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். இரண்டாவது பகுதியில் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால் பெஞ்ச் தூரமாகிவிடும், குழப்பம் வருவது சகஜம் என்று பிரென்ட் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். யாரும் அவனிடம் விளக்கம் கேட்கவில்லை. அவன் உதடு சிரித்தது, கண் லோர்னின் முகத்திலேயே இருந்தது.

ஜோஆன் பெஞ்சின் பின்னாலிருந்து வந்துவிட்டாள். எமிலின் முன் குனிந்து ஸ்கோர் என்ன, எந்த ஊரோடு ஆடுகிறோம், இது எத்தனையாவது பகுதி என்று கேட்டாள். எமில் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். மூன்று பதிலும் அவளுடைய தலைக்கு மேல் தொங்கிய பலகையில் எழுதியிருந்தன. லோர்ன் அதைப் பார்த்தார். எமிலின் கண் மேலே போவதை, படிப்பதை, கீழே வருவதைப் பார்த்தார்.

“எனக்குச் சரியாப் படல, லோர்ன். நீங்க உக்கார வச்சா அவன் கேப்பான். உங்களுக்கு என்ன தோணுது?”

லோர்ன் கூரையைப் பார்த்தார். கண்ணாடி அறையில் கர்ட்டிஸ் முன்னால் சாய்ந்து, முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தான் இருக்கான்” என்றார்.

ஜோஆன் எமிலின் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போனாள்.

மூன்றாவது பகுதியில் லூன்ஸ் ஒரு கோல் போட்டது. கடைசி இரண்டு நிமிடம் எதிரணி கோல்கீப்பரையும் எடுத்துவிட்டு, அவனுக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரனைச் சேர்த்து ஆறு பேரோடு பாய்ந்தது. லோர்ன் எமிலை இறக்கினார், அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. எமில் ஒரு வட்டை விலாவில் வாங்கினான். இன்னொன்றைக் கணுக்காலில் வாங்கினான். மூன்றாவது அடிக்குத் தலையைக் கொடுத்துப் படுத்தான். வட்டு தலைக்கவசத்தின் ஓரத்தில் பட்டு மேலே எகிறிக் கூட்டத்தில் விழுந்தது. அவன் எழுவதற்கு ஒரு மூச்சு நேரம் அதிகமானது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. மூன்றுக்கு இரண்டு. மக்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். லோர்ன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்த கால் மணியில் கர்ட்டிஸ் லோர்னின் அறைக்கு வந்தார். இப்போது கை குலுக்கினார். மேலே இருந்தவரை மதியமே அனுப்பிவிட்டதாகவும், நாளை காலை ஏழு மணி விமானம் என்றும், நாளை நான்கு மணிக்கு ஆட்டம் என்றும் சொன்னார். ஏதோ கடைக்குப் போய் வரச் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். பதினோரு வருடம் அந்த அறையில் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.  கதவருகே நின்ற பிரென்ட் தரையைப் பார்த்துத் தலையாட்டினான், காது வரைக்கும் சிவந்திருந்தான்.

“இன்னொண்ணு. எனக்கு மேல ரெண்டு தடுப்பாளுங்க அடிபட்டுப் படுத்துட்டாங்க. உங்க கேப்டனையும் கூட்டிட்டு வந்துடுங்க. இத்தன வருஷத்துல ஒரு ஆட்டம்கூட மேல ஆடலையாமே?”

“ஆடல.”

“அந்தக் கடைசி நிமிஷத்தப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

லோர்னுக்குப் பதில் தெரிந்திருந்தது. பதிலைச் சொன்னால் அடுத்த கேள்வி செப்டம்பரைப் பற்றி வரும். அதற்கு அடுத்தது, யார் கற்றுக்கொடுத்தது என்று வரும். அதோடு ஏழு மணி விமானம் அவர் இல்லாமல் பறக்கும். பிரென்ட் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நேத்துதான் சோதனை எழுதினான்” என்றார் லோர்ன். “பாஸ் ஆயிட்டான்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கர்ட்டிஸ் அவர் தோளைத் தட்டிவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்தபடி போய்விட்டார்.

செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று லோர்ன் பையன்களின் அறைக்கு நடந்தார். பிரென்டும் பின்னாலேயே வந்தான். மற்றவர்கள் குளித்து முடித்து பீட்சாவுக்குப் போய்விட்டிருந்தார்கள். அடுத்த அறையில் ஜோஆன் யாருக்கோ புருவத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் குரல் கேட்டது. எமில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டுக் காய்ந்த சட்டை போட்டிருந்தான். முழங்கால் காப்புகள் கட்டியாகிவிட்டது. ஒரு ஸ்கேட்டைப் போட்டு முடித்து, இன்னொன்றின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். முகம் குழந்தை முகம்போலத் தெளிவாக இருந்தது.

“எத்தன மணிக்கு ஆரம்பம், கோச்?”

 லோர்ன் திரும்பிப் பார்த்தார். பிரென்டும் கேட்டிருந்தான்.  பின்னால் கை நீட்டி, ஜோஆனின் அறைப்பக்கம் இருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

லோர்ன் எமிலின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“நாளைக்கு நாலு மணிக்குப்பா” என்றார். “மேலே. நீயும் வர்ற.”

எமிலின் கை கயிற்றை விட்டது. உதடு துடித்தது. முப்பத்தொரு வயது ஆண், மூக்கு மூன்று இடத்தில் உடைந்தவன், பொங்கிப் பொங்கி அழுதான். லோர்னின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றான். அவன் அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. இறுதிச் சடங்கில் பெட்டியைச் சுமந்தவர்களில் லோர்னும் ஒருவர். சொல்லலாம்ப்பா, சொல்லலாம் என்று அவன் முதுகைத் தடவினார்.

கொஞ்ச நேரத்தில் எமில் அவரை விட்டு விலகி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று யோசிப்பவனைப் போலக் கையைப் பார்த்தான். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கயிற்றை இறுக்கத் தொடங்கினான்.

“கோச்” என்றான். “எத்தன மணிக்கு ஆரம்பம்?”

லோர்ன் மறுபடியும் சொன்னார்.