ஐநூறு பூட்டுக்கு ஒரே சாவி

கிஃப்ட் ஏஜென்ட் பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக என் மேஜைமேல் பரப்பினார். பேனா, சாவி வளையம், தண்ணீர் பாட்டில், துணிப்பை, அமுக்கினால் சுருங்கி மறுபடி உப்பும் ஒரு ரப்பர் பந்து. பந்தை என் கையில் கொடுத்து, "டென்ஷனா இருக்கறப்ப இதை அமுக்கினா மனசு லேசாயிடும் மேடம்" என்றார். அமுக்கிப் பார்த்தேன். ஆகவில்லை.

அடுத்த மாதம் வர்த்தகக் கண்காட்சி. எங்களுடையது பூட்டுக் கம்பெனி. ஸ்டாலுக்கு வருகிறவர்களுக்கு இலவசமாக என்ன கொடுப்பது என்று முடிவு செய்வது வருஷா வருஷம் என் தலையில்தான் விடியும். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்பார்கள். கண்காட்சிக்கு வருகிற கூட்டம் அதற்கும் ஒரு படி மேல். இரண்டு கையும் நீட்டி வாங்கும், வாசலைத் தாண்டியதும் கீழே போடும். போன வருஷம் நாங்கள் கொடுத்த பேனாக்களில் நாற்பதை வண்டி நிறுத்துமிடத்தில் நானே பொறுக்கினேன். நன்றாக எழுதுகிற பேனாக்கள். இன்னும் அதில்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏஜென்ட்டை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் தம்பி நிற்கிறான். அப்பா போன பிறகு கம்பெனி எங்கள் இரண்டு பேர் பொறுப்பு. அவன் விற்பனை, நான் ஆபீஸ்.

"அக்கா, இந்தக் குப்பையெல்லாம் வேண்டாம். நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். கோபப்படாம கேளு."

"கோபப்படாமன்னு ஆரம்பிச்சாலே எனக்குக் கோபம் வருதுடா. சொல்லு."

கட்டைவிரல் அகலத்தில் ஒரு பித்தளைப் பூட்டை மேஜையில் வைத்தான். எந்தப் பூட்டு என்று பார்த்ததும் தெரிந்தது.

"ஞாபகம் இருக்கா? எந்த டீலரைப் பாத்தாலும் இன்னும் அந்தக் கதையைத்தான் கேக்கறாங்க. அதே பூட்டு, அதே கூத்து. இந்தத் தடவ வேணும்னே பண்றோம். ரெண்டாயிரம் பூட்டு, எல்லாத்துக்கும் ஒரே சாவி. கூட ஒரு கார்டு."

கார்டின் மாதிரியை நீட்டினான். அதில் இப்படி இருந்தது: 'இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் எங்கள் போர்மேன் ஒருவர் தூங்கி வழிந்ததில் ஐநூறு பூட்டுகளுக்கு ஒரே சாவி அமைந்துவிட்டது. அன்று அழுதோம், இன்று சிரிக்கிறோம். உங்கள் சாவியைப் பக்கத்தில் இருப்பவரின் பூட்டில் போட்டுப் பாருங்கள்!'

"நல்லா இருக்குல்ல? அஞ்சு மணிக்குள்ள பிரஸ்ஸுக்கு ஓகே சொல்லணும்" என்றான்.

மணி இரண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கண்காட்சியின்போது தம்பி வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்ன கதை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, ஆபீஸில் சேர்ந்து மூன்று மாதம். பூட்டுக் கம்பெனியில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அப்பா, "என் பொண்ணு தப்புப் பண்ண மாட்டா" என்று பதில் சொல்லியிருந்தார். பெருமையில் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

இலவசப் பொருளை அப்போதும் இதே மேஜையில் உட்கார்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். அப்பா, நான், போர்மேன் அண்ணன். காலண்டர் போதும் என்றார் அப்பா. நல்ல பேனாவாகக் கொடுக்கலாம் என்றேன் நான். போர்மேன் அண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். "முதலாளி, பேனா குடுத்தா வாங்கினவன் கடுதாசி எழுதுவான். பூட்டு குடுத்தாத்தான் பூட்டுவான்."

அப்பா சிரித்துவிட்டார். அப்பா சிரிப்பது அமாவாசைக்கு நிலா பார்ப்பது மாதிரி. அத்தோடு விஷயம் முடிந்தது.

பிறகு வந்த இருபது நாட்களை நினைத்தால் இப்போதும் பித்தளை வாசனை வருகிறது. ஒவ்வொரு பூட்டையும் இரண்டு சாவியோடு சின்னச் சிவப்புத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டினோம். என் முடிச்சு நிற்காது. போர்மேன் அண்ணன் அவிழ்த்துப் போட்டு, "பாப்பா, இது முடிச்சா, மூக்குப்பொடிப் பொட்டலமா?" என்பார். கண்காட்சிக் கொட்டகையில் புதுக் கார்ப்பெட்டும் ஈரப் பெயிண்டும் கலந்து நெடியடித்தது. ஸ்டாலுக்குப் பின்னால் கட்டும் துணி ஒரு முழம் குறைந்தபோது, போர்மேன் அண்ணன் பூட்டுக்குப் போடும் கம்பியாலேயே அதற்கு ஒட்டுப் போட்டார். மத்தியானம் ஸ்டாலுக்குப் பின்னால் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அப்பா தன் டப்பாவிலிருந்து எடுத்து எனக்கு வைத்தார், போர்மேன் அண்ணனுக்கும் வைத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது. என் வீட்டுக்காரர் காதில் விழுந்தாலும் விழட்டும்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு வந்தது வினை. எங்கள் பூட்டைத் தங்கள் பைகளில் மாட்டிக்கொண்டு போன இரண்டு வியாபாரிகள், டீ குடித்த இடத்தில் பையை மாற்றி எடுத்துவிட்டார்கள். ஒருவர் தன் சாவியால் அடுத்தவர் பையைத் திறந்து, உள்ளே வேறு யாருடைய சட்டையோ இருப்பதைப் பார்த்து அலறியிருக்கிறார். சிரித்துக்கொண்டே எங்களிடம் திரும்பி வந்தார்கள். அரை மணியில் ஸ்டால் முன் கூட்டம். எல்லோரும் எல்லோருடைய பூட்டையும் திறந்து பார்த்துக் கை தட்டினார்கள். எதிர் ஸ்டால்காரன் பெஞ்சில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தான். அப்பாவின் முகம் சுண்டிப் போனது.

எங்கள் வேலையில் ஒவ்வொரு கட்டுப் பூட்டுக்கும் ஒரு வேலைச் சீட்டு உண்டு. சாவியின் பல்லை எப்படி வெட்டுவது என்பதற்கு அதில் ஒரு கட்டம். கடைக்குப் போகிற பூட்டு என்றால் 'கலந்து' என்று எழுத வேண்டும். அப்போதுதான் ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது. சில தொழிற்சாலைகள் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கேட்கும். அதற்கு ஒரு எண்ணை மட்டும் எழுதுவோம். அந்த வாரம் அப்படி ஒரு தொழிற்சாலை ஆர்டரும் இருந்தது. அதன் சீட்டை எழுதிய கையோடு இலவசப் பூட்டின் சீட்டையும் எழுதியவள் நான். அந்தக் கூட்டத்தின் நடுவில் என் கையெழுத்து என் கண் முன் வந்து நின்றது. கட்டத்தில் 'ஏழு' என்று எழுதியிருந்தேன்.

அப்பா அத்தனை பேர் முன்னாலும் போர்மேன் அண்ணனைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அவர் தட்டு நிறையச் சிவப்புப் பைகளோடு நின்றார். "ரெண்டு சீட்டையும் மாத்திப் படிச்சிட்டேன் போல முதலாளி. போனதும் சீட்ட ஒரு தடவ பாத்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் அவருக்கு முன்னால் நான் ஃபைலைத் திறந்து, அந்தச் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தேன். அப்பா கேட்டபோது, "காணோம்பா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், மறைந்தும் விட்டது. போர்மேன் அண்ணனை யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவராகவே நின்றுவிட்டார்.

மூன்று மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமலே போயிட்டார்."

"அப்ப விடுக்கா. போர்மேன்ங்கற வார்த்தைய எடுத்துட்டு 'சின்னத் தவறு'ன்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு இருபத்தெட்டு வருஷம் ஓட்டியாச்சுடா. இன்னும் எவ்வளவு நாள் ஓட்டச் சொல்ற?"

கார்டின் மாதிரியை இழுத்துப் போர்மேன் வரியை அடித்தேன். அதன்மேல், 'இன்றும் எங்கள் ஆபீஸை நடத்தும் அக்கா, வேலைச் சீட்டைத் தப்பாக எழுதியதில்' என்று எழுதினேன். தம்பி இரண்டு தடவை படித்தான்.

"டீலருங்க உன்னைக் கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும். பூட்டு நல்ல யோசனைதான். பிரஸ்ஸுக்கு அனுப்பு. ஆனா அச்சுல வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட நான் சொல்லணும்."

முகவரி யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமும் தெரியும். ஆபீஸிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்.

மாடியில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "அட, பாப்பா! வாம்மா, உள்ள வா" என்று நாற்காலியில் கிடந்த துணியைத் தள்ளி இடம் கொடுத்தார். அப்பா போனதைக் கேள்விப்பட்டதாகவும், வர வேண்டும் என்று சட்டை போட்டுக் கிளம்பியும் வாசலோடு நின்றுவிட்டதாகவும் சொன்னார். அடுத்த வார்த்தை பேச விட்டால் என் தைரியம் போய்விடும். உட்காராமலே சொல்லிவிட்டேன். சீட்டை எழுதியது, கிழித்தது, காணோம் என்றது, எல்லாம்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அப்போதே தெரியும்மா, போகட்டும் என்று சொல்வார் என்றும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. வருகிற வழியெல்லாம் அந்த ஆசையைத்தான் ஊட்டி வளர்த்துக்கொண்டு வந்தேன். இரண்டும் நடக்கவில்லை. வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழுன்னா எழுதியிருந்துது?"

"ஏழுதான் அண்ணே."

"கலந்துன்னு இல்லையே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஏழு."

"அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்றார்.

எழுந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். போர்மேன் அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்.

"முதலாளி பொண்ணு. இவங்க சொல்றதக் கேளு. நீங்க திரும்பச் சொல்லுங்க."

அவர் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவிடம் முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார்.

"ரெண்டு கம்பெனியில போர்மேன் வேலைக்குக் கூப்பிட்டாங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "போகல. நான் கண்ணு பாத்தத மூளை மாத்திப் படிக்கறவன், என்னை நம்பிப் பத்துப் பேர் நிக்கக் கூடாதுன்னுட்டார். கடைசி வரைக்கும் மிஷின்லயே நின்னார். மகன் சொந்தமாப் பட்டறை போட்டப்பவும், நீங்க பாத்துக்கங்கப்பான்னு கெஞ்சினான். உள்ள காலை வைக்கலையே."

நான் அழித்தது ஒரு மனிதரின் வேலையை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லியிருக்கிறேன். தன் கண்ணைத் தானே நம்பாமல் ஒருவர் இருபத்தெட்டு வருஷம் இருந்தார் என்பது என் கணக்கிலேயே இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அலமாரியில் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனில் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் என் கையில் கொடுத்தார்.

"என் மகன். அவன்கிட்டயும் சொல்லுங்க."

எதிர்முனையில் மிஷின் ஓடுகிற சத்தம். அதன் நடுவில், "சொல்லுங்கப்பா" என்றது ஒரு குரல்.

"தம்பி, நான் உங்க அப்பா வேலை பாத்த பூட்டுக் கம்பெனியிலேருந்து பேசறேன். அந்தக் கண்காட்சியில நடந்த தப்பு உங்க அப்பா பண்ணினது இல்ல. நான் பண்ணினது."

"என்னங்க? கேக்கல."

போர்மேன் அண்ணன் தரையில் என் எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்தி என் வாயையே பார்த்தார்.

"பட்டறையில இருக்கான், சத்தமாச் சொல்லுங்க" என்றார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன்.