திரைக்குப் பின்னால் ஒரு குரல்

இசைக்குழுவின் முதல் செல்லோ நாற்காலிக்கான, அதாவது செல்லோ வாசிப்பவர்களின் தலைமை இடத்துக்கான, தேர்வு கறுப்புத் திரைக்குப் பின்னால் நடந்தது. வாசிப்பவர் யாரென்று நடுவர்கள் அறியலாகாது. காலணிகளைக் கழற்றச் சொல்லிக் கம்பளம் விரித்திருந்தார்கள். முடிவு வரும்வரை இருமல்கூட ஆகாது. ஆள் தெரிந்துவிட்டால் அந்த எண் நீக்கப்படும்.

இறுதிச் சுற்றில் எஞ்சியவர்கள் இருவர். ஒன்றாம் எண் அண்ணன். பதினோரு ஆண்டுகளாக நான்காம் நாற்காலி. இரண்டாம் எண் அவன் தங்கை. இரண்டே ஆண்டுகளில் கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் நாற்காலிவரை ஏறியவள். இன்று தவறினால் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு அந்த இடம் காலியாகாது.

அண்ணன் வாசித்து முடித்திருந்தான். உச்ச சுரத்துக்குத் தாவியபோது அவன் விரல் மயிரிழை தவறியது. இருவருமே அதைக் கேட்டார்கள். அடுத்த எண்ணை அறிவிக்க, அதுவரை அவர்களோடு நின்றிருந்த மேற்பார்வையாளர் திரைக்கு வெளியே போனார். அவர் நகர்ந்ததும் அண்ணன் அவளுடைய இடக்கையைப் பற்றிச் சுண்டுவிரலைப் பின்னுக்கு வளைத்தான்.

"ஒரே ஒரு தடவ அம்மான்னு கத்திடு, விட்டுடறேன்," என்று காதருகே மூச்சாலேயே சொன்னான். "பதினோரு வருசம் நான் குப்ப கொட்டினது நீ வந்து உக்காரவா?"

அவள் உதட்டைக் கடித்தாள். விரல் மளுக்கென்று ஒடிந்தது. வாயில் இரத்தம் கரித்தது. அவன் முழங்கையால் விலாவில் இடித்தான், முடியைப் பற்றிச் சுவரில் மோதினான். சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அந்த ஓசையையும் விழுங்கியது. தந்தியை அழுத்த எஞ்சிய மூன்று விரல்களுக்கு ஏற்ப, தான் வாசிக்க வேண்டிய பகுதியை மனத்துக்குள் அவள் மாற்றி அமைத்துக்கொண்டிருந்தாள். கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது: கத்துபவன் அவனானால், போவதும் அவன்தான்.

செல்லோவைத் தரையில் ஊன்றும் இரும்பு முள் ஒரு சாண் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. வலக்கையால் கருவியின் கழுத்தைப் பற்றித் தூக்கி, முழு எடையோடு இறக்கினாள். முள் அவன் வெறும் பாதத்தைத் துளைத்துக் கம்பளத்தில் குத்தி நின்றது.

அவளுடைய கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்தபோதும், நாய் கடித்தபோதும், வலி வந்தால் அவன் கூப்பிட்டது அம்மாவை அல்ல.

"சில்வண்டு!"

ஏழு வயதில் அவள் முதன்முதலாக வில்லை இழுத்த அன்று அவன் வைத்த பட்டப்பெயர் அது. இன்று இசைக்குழு முழுவதும் அவளை அப்படித்தான் அழைக்கிறது.

திரைக்கு அப்பால் ஒரு பேனா மூடப்படும் ஓசை கேட்டது. குரல் அவனுடையது, பெயர் அவளுடையது.

"ரெண்டு பேருமே கெளம்பலாம்," என்றார் தலைமை நடுவர்.

அவன் பாதத்தைப் பிடித்தபடி சரிந்தான். அவள் இடக்கையை உயர்த்தி, பக்கவாட்டில் திரும்பி நின்ற விரலைப் பார்த்தாள். இனி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவள் கத்தினாள்.