சந்தனம் வைத்த செனான் விளக்கு

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் வைக்க வேண்டாமென்று யார் சொன்னது? பெட்டிக்கு வை, பூட்டுக்கு வை, படிக்கட்டுக்கும் வை. எங்கள் முதலாளி அழகுபாண்டி புரொஜெக்டரைத் திறந்து, உள்ளிருந்த செனான் விளக்கின் கண்ணாடி மேலேயே விரலால் பொட்டு வைத்திருக்கிறார். எரிகிறதா என்று ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நான் லீவு. திருமங்கலத்தில் அவர் தியேட்டருக்கு நான்தான் ஆபரேட்டர்.

மறுநாள் மேட்னிக்கு முன்பு திறந்து பார்த்தேன். பொட்டு கருகி, அந்த இடத்தில் கண்ணாடி பாலாக வெளுத்திருந்தது. எனக்கு உச்சி வரை கோபம் ஏறியது.

"இதைப் போட முடியாதுண்ணே."

"பூஜை போட்டு வச்ச சந்தனம் மீனா. அது என்ன செய்யும்?"

"இதுல கம்பி கிடையாதுண்ணே. ரெண்டு முனை, நடுவுல சின்ன இடைவெளி. கரண்ட் அதைத் தாவுறப்ப அங்கன இருக்க வாயுவே கொதிச்சு வெளிச்சமாகுது. உள்ள லாரி டயரைவிட அழுத்தம். கண்ணாடியில கறை பட்டா அந்த இடம் பலமத்துப் போகும். வெடிச்சா மூஞ்சி மிஞ்சாது."

"நேத்து எரிஞ்சுச்சுல்ல?"

"நேத்து எரிஞ்சதாலதான் இன்னைக்கு வெடிக்கும்!"

கீழே படம் போடச் சொல்லி விசில் பறந்தது. புது விளக்கு சாயந்திரம் மதுரையிலிருந்து வரும் என்றேன். பொம்பளைப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று முனகிக்கொண்டு இறங்கிப் போனார். செவிட்டில் ஒன்று விடலாம் போலிருந்தது. விளக்கு இருக்கிற பெட்டிக் கதவின் கொண்டி உடைந்து எத்தனையோ நாளாயிற்று, அதைக்கூட மாற்றித் தராத மனுஷன். விளக்குக் கடைக்குப் போன் பேச மொட்டைமாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தால், ரூமில் தியேட்டர் கூட்டுகிற முனீஸ்வரி அக்கா. இடக்கையில் விளக்குமாறு. வலக்கை விரல் விளக்கு எரிய வைக்கிற பட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முகம் பெட்டிக் கதவுக்கு நேராக இருந்தது.

பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன்டி இழுக்குற? அண்ணன்தான் பச்சைப் பட்டனை அமுக்கச் சொன்னாக."

"அவுக எங்க?"

"கீழ நிக்கிறாக. லைட்டு எரிஞ்சதும் சத்தம் குடு, மேல வாரேன்னாக."

மெயினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கடைசிப் படிக்கும் கீழே, சுவரோடு சுவராக ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார் முதலாளி.