சட்டிக்காக மெல்லப் போன ஜீப்

படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் கறி வெந்துவிட்டது. பானுப்பிரியாவுக்குத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

அண்ணன் முத்துக்கண்ணனின் போனில் பார்த்த படம் அது. கதாநாயகி நாட்டுக்கோழியை மசாலாவில் புரட்டி மண்சட்டியில் போடுவாள். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை ஒட்டித் தணலில் வைத்துவிட்டு ஆடப் போய்விடுவாள். வந்து மாவை உடைத்ததும் ஆவி எழும். சண்டை போட்டுக்கொண்டிருந்த குடும்பமே வாயடைத்துப் போகும். எவ்வளவு தணல், எவ்வளவு நேரம் என்று அதில் யாரும் சொல்லவில்லை. முதல் தடவை அடி கரிந்தது. அடுத்த தடவை எலும்போரம் ரத்தம் நின்றது. மூன்றாவது தடவை மதினி முனீஸ்வரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மசக்கையில் கஞ்சி கூடத் தங்காத வயிறு அது. ஒரு பிள்ளை உருவாகிக் கலைந்துபோய், இது இரண்டாவது. ஐந்து மாதம்.

"குலுக்கல் ஆகாது" என்று ஆஸ்பத்திரி நர்சு சொல்லியிருந்தாள். ஆனால் அவளும் பானுவும் கூலிக்குப் போகும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பை விட்டால் வழியில்லை.

போடியிலிருந்து ராஜ்கமல் ஓட்டும் ஜீப்பில் தினமும் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறுவார்கள். மலையுச்சியிலிருக்கும் மெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் கேரளா, அகலப்படுத்திய புது ரோடு. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்கச் சொல்லி போர்டு நிற்கும்.

"அது டூரிஸ்ட்டுக்கு வச்சது" என்பான் ராஜ்கமல். "நம்ம கைக்கு ரோடு தெரியும், ரோட்டுக்கு நம்ம கை தெரியும்." எதிரே வருகிற டிரைவர் விளக்கை மினுக்கிக் காட்டினால், அடுத்த திருப்பத்தில் போலீஸ் என்று அர்த்தம். அப்போது மட்டும் ஜீப் சாதுவாகிவிடும். போலீசைக் கடந்ததும் பின்சீட்டில் செல்லத்தாய் கையைத் தட்டுவாள். "ம், விடு அப்பு, இனி விடு!" வெரசாகப் போனால்தான் சூப்பர்வைசர் நோட்டில் பேர் போடும் நேரத்துக்குள் தோட்டத்தில் நிற்கலாம், வெரசாகத் திரும்பினால்தான் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். வேகம் ராஜ்கமலுடையது மட்டுமில்லை, எல்லாருடையதும்தான் என்பது பானுவுக்குத் தெரியும். அதனால்தான் மதினி ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே அவள் வாய் திறக்காமல் இருந்தாள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வாயால்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் அழுகை வந்துவிடும்.

சட்டிக்கறி பற்றி மதினி ஜீப்பெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஒரு நாள் காலை எல்லாருக்குமாக ஆக்கி, பானு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தபோது மாவு இன்னும் சுட்டது.

"என்ன பாப்பா, வெடிகுண்டா?" என்றான் ராஜ்கமல்.

"படத்துல வந்த கறிடா" என்றாள் மருதாயி பின்னாலிருந்து. வயதிலும் வாயிலும் அந்த ஜீப்புக்கு அவள்தான் மூத்தவள். "மூடியில ஒட்டுன மாவு விட்டுச்சுன்னா குழம்பு பூரா உன் சீட்டுல. சொல்லிட்டேன்."

"எனக்கும் ஒரு தொடை உண்டுல்ல? அப்பச் சரி. இன்னைக்கு மாப்பிள்ளை ஊர்வலம்."

அன்று ஜீப் நிஜமாகவே ஊர்வலம்தான் போனது. வளைவுக்கு முன்னால் கியர் மாறியது, ஹாரன் அடித்தது, ஒதுங்கி நின்று லாரிக்கு வழி விட்டது. பின்னால் வந்த ஜீப்புக்காரன் தலையை நீட்டி, "என்ன மாப்ளே, டீசல் இல்லையா?" என்று கத்திக்கொண்டு தாண்டினான். ராஜ்கமல் சிரித்தான். முனீஸ்வரி கம்பியை விட்டுவிட்டுச் செல்லத்தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இத்தனை மாதத்தில் அவள் அந்த ஜீப்பில் தூங்கி பானு பார்த்ததில்லை. இவனுக்கு மெதுவாக ஓட்டத் தெரியாமலில்லை என்று நினைத்தாள். நினைக்க நினைக்க சந்தோஷம் போய்க் கோபம் வந்தது.

தோட்டத்தில் சூப்பர்வைசர் நோட்டை மூடிவிட்டிருந்தார்.

"சமயம் கழிஞ்ஞு, நேரம் போச்சு. எல்லாருக்கும் இன்னைக்கு அரைநாள்தான்." பிறகு ராஜ்கமலைப் பார்த்து, "இனி லேட்டானா உன் வண்டி வேண்டாம், வேற ஜீப்பு இருக்கு" என்றார்.

ராஜ்கமல் கியரைப் போட்டான். ஜீப்பைத் திருப்பிய வேகத்தில் சரளைக் கற்கள் தெறித்தன.

மத்தியானம் மாவை உடைத்தபோது ஆவி எழத்தான் செய்தது. கறி பஞ்சாக வெந்திருந்தது. எல்லாரும் தின்றார்கள். மருதாயி எலும்பைத் துப்பிவிட்டு, "ருசிதான் ஆத்தா. அரைநாள் கூலி போட்டுல்ல ஆக்கியிருக்கே" என்றாள். செல்லத்தாய் சிரித்தாள். முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் ராஜ்கமல் சாவியைத் திருகும்போதே, காலைக்கும் சேர்த்து விரட்டப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. மெட்டைத் தாண்டியதும் மூடுபனி. அதற்குள் விளக்கைக்கூடக் குறைக்காமல் இறங்கினான். முதல் வளைவில் பின்சக்கரம் இழுத்தது. அடுத்ததில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள்.

"விடு அப்பு, தண்ணி நின்னுரும்" என்றாள் செல்லத்தாய்.

முனீஸ்வரி "அம்மா" என்று முனகினாள். சத்தம் பெரிதில்லை. ஆனால் பானு திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். கம்பியைப் பிடிக்கக் கையில்லை.

"அண்ணே, மெதுவா போங்க."

ராஜ்கமலுக்குக் கேட்கவில்லை. கேட்டும் இருக்கலாம்.

"அண்ணே, நிறுத்துங்க! மதினிக்கு முடியல. நாங்க இறங்குறோம்."

அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ என்றிருந்தது. ஜீப் குலுங்கி நின்றது.

"காலையில கறிச்சட்டி, சாயங்காலம் இது. என் பொழப்பக் கெடுக்கன்னே ஏறுவியா?" என்றான் ராஜ்கமல். "இறங்கினா இறங்குனதுதான். நாளைக்கு என் வண்டிப் பக்கம் வரக்கூடாது."

"அடியே, இருட்டப்போகுது. கிறுக்குத்தனம் பண்ணாத" என்றாள் மருதாயி.

"சட்டிக்கு மெதுவா போனீங்கள்ல" என்றாள் பானு. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மதினியைக் கைப்பிடித்து இறக்கினாள். மருதாயி இறங்கவில்லை. ஜீப்பின் சிவப்பு விளக்குகள் பனிக்குள் மறைந்தன.

முனீஸ்வரியை ரோட்டோரச் சுவரில் உட்காரவைத்தாள். "வலிக்குதா மதினி?"

"இழுத்துப் பிடிக்குது. கொஞ்சம் அடங்குது." பிறகு, "நாளைக்குச் சோலிக்கு?" என்றாள். பானு போனை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

போனில் ஒரு கோடு சிக்னல் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் போடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். முதலில் திட்டினான். நடுமலையில் எவளாவது இறங்குவாளா, இனி எவன் வண்டியில் ஏற்றுவான் என்றான். முனீஸ்வரிக்கு வலி என்றதும் குரல் மாறியது.

"அங்கேயே இருங்க. ரெண்டு பேரும் அசையாதீங்க. இருபது நிமிசத்துல அங்க இருப்பேன்."

போடியிலிருந்து அந்த வளைவுக்கு இருபது நிமிடத்தில் வர முடியாது. வரக்கூடாது.

"அண்ணே, மெதுவா வா. நாங்க இருக்கோம், மெதுவாவே வா" என்றாள். போன் எப்போதோ கட்டாகியிருந்தது. திரும்ப அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை எடுத்துவிட்டான் போல.

முனீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழே, பனிக்கடியில் எங்கோ, லோடு ஆட்டோ மாதிரி ஒரு வண்டி வளைவுக்குக்கூட வேகம் குறைக்காமல், ஹாரன் அடிக்காமல் ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.